தருமபுரியின் ஞாயிறு வகுப்பை மூடாதீர்கள்: தொலைதூரக் கல்வி இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

தொலைதூரக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும், வணிக மேலாண்மைப் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வரும் பருவத்திலிருந்து தருமபுரி கல்வி மையத்தில் ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புகள் நடக்காது என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. பதிவு செய்த வீடியோ பாடங்களை இணையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும், சந்தேகம் இருந்தால் சேலம் மையத்துக்கு வர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. தமிழ்வழிப் பாடப்புத்தகம் இனி அச்சாகாது, ஆங்கிலப் பிடிஎஃப் மட்டும்தான் என்பது கடைசிப் பத்தியில் ஒரு வரியாக வருகிறது. எல்லாவற்றுக்கும் நீங்கள் சொல்லும் காரணம் ஒன்றே: மாணவர் வருகை குறைவு.

இந்த முடிவு தவறு. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

நான் பாலக்கோடு வட்டத்தில் புளி வியாபாரம் செய்பவள். தை பிறந்ததும் மரங்களை ஏலத்திலும் குத்தகையிலும் எடுப்போம். காயை உலுக்கி, ஓடு தட்டி, கொட்டையும் நாரும் எடுத்து, ஒரு பகுதியை அப்போதே மண்டிக்குப் போட்டுவிடுவோம். மிச்சம் கருத்துப் போகாமல் இருக்க கோல்டு ஸ்டோரேஜில் வைத்து, விலை பார்த்து விற்போம். சீசனில் பக்கத்து ஊர்ப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் எங்கள் ஷெட்டில் வேலை செய்வார்கள். பிளஸ் டூ முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் உங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். இந்தப் பட்டத்தைக் காட்டி யாரிடமும் வேலை கேட்கப் போவதில்லை. இத்தனை வருஷமாகக் கைப்பழக்கத்தில் செய்துவந்த தொழிலை விவரம் தெரிந்து செய்ய வேண்டும், அதற்காகத்தான் சேர்ந்தேன்.

என்னோடு அந்த வகுப்பில் உட்காருகிறவர்களும் இப்படிப்பட்டவர்கள்தான். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் தம்பி ஒருவர். கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலையில் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணன் ஒருவர். மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதும் அக்கா. காவேரிப்பட்டணத்தில் தட்டை மாதிரியான நிப்பட்டு போட்டு விற்கும் வீட்டுப் பெண். போச்சம்பள்ளி சந்தையில் துணிக்கடை போடுகிறவர். சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து தேனும் சாமையும் வாங்கி விற்கிறவர். எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள், பல வருஷம் தொழிலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். இப்படிப்பட்ட மாணவர்களுக்கு ஞாயிறு வகுப்பு என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியவேண்டும். தெரிந்திருந்தால் இந்தச் சுற்றறிக்கை வந்திருக்காது என்று நம்புகிறேன்.

பிரேக் ஈவன் பாடம் நடந்த அன்று நிகழ்ந்ததைச் சொல்கிறேன். சூத்திரம் எளிதானது. ஷெட் வாடகை, கடன் வட்டி, தராசு என்று நிலையான செலவு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய விலையும் கூலியும் போக ஒரு கிலோவில் 12 ரூபாய் கையில் நிற்கிறது என்றால், 5,000 கிலோ விற்றால் போட்ட செலவு திரும்பும்; அதற்கு மேல் விற்பதில்தான் லாபம். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது, உங்கள் வீடியோவும் இதைச் சொல்லிவிடும். நான் கேட்ட கேள்வி அதற்கு அப்பால் இருந்தது: கோல்டு ஸ்டோரேஜ் வாடகையை எந்தப் பக்கம் எழுதுவது?

மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள், மூட்டை கூடினால் வாடகை கூடுகிறது, ஆகவே மாறும் செலவு என்றார் மகளிர் குழு அக்கா. ஒரு கிலோகூட விற்காத மாதத்திலும் அது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, ஆகவே நிலையான செலவு என்றார் மாங்கூழ் ஆலைக்காரர். ஆசிரியர் இரண்டு பேரையும் பேசவிட்டார். அப்புறம் சொன்னார், இந்த வாடகை அளவோடு மட்டும் மாறவில்லை, காலத்தோடும் மாறுகிறது, எனவே இதைத் தனியாக எழுதுங்கள் என்று. இன்னும் ஒரு மாதம் வைத்திருந்தால் கிலோவுக்கு வாடகை எவ்வளவு, முடங்கிய பணத்துக்கு வட்டி எவ்வளவு என்று முதலில் கண்டுபிடியுங்கள். அடுத்த மாதம் விலை அதற்கு மேல் ஏறும் என்று நம்பக் காரணம் இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் இப்போதே விற்றுவிடுங்கள் என்றார்.

எங்கள் பக்கத்தில், விலை ஏறும்வரைக்கும் வை என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். ஏறும்வரைக்கும் வைப்பதற்கு மாதாமாதம் என்ன கொடுக்கிறோம் என்று யாரும் காகிதத்தில் எழுதிப் பார்த்ததில்லை. அந்த வகுப்புக்குப் பிறகு எங்கள் வீட்டில் எழுதிப் பார்க்கிறோம். சரக்கை எப்போது வெளியே எடுப்பது என்பதை அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் நானும் வீட்டுக்காரரும் பேசி முடிவெடுக்கிறோம். வீடியோவிடம் அந்தக் கேள்வியை நான் எப்படிக் கேட்டிருப்பேன்?

தொழிலாளியின் வேலையை அளந்து ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லரைப் பற்றிய பாடமும் அப்படித்தான். பெத்லஹேம் எஃகு ஆலையில் ஒரு தொழிலாளி நாளுக்கு 12.5 டன் இரும்புக் கட்டி சுமந்ததை 47.5 டன்னாக உயர்த்தியதாகவும், அதற்காகக் கூலியை 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக்கியதாகவும் டெய்லர் எழுதியிருக்கிறார். இதைக் கேட்டதும் மகளிர் குழு அக்கா கணக்குப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். வேலை நான்கு மடங்குக்குக் கிட்டே போயிருக்கிறது, கூலி இரண்டு மடங்குகூட ஆகவில்லை, மிச்சம் யாருக்குப் போனது சார் என்றார். அன்று அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வகுப்பு போனது. முதலாளி போட்ட முதல், கருவி, மேற்பார்வை, தொழிலாளியின் உடம்பு தேய்வது என்று எல்லாம் பேசினோம். மேலாண்மைக் கோட்பாடு என்றால் இதுதான் என்று நான் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

எங்கள் ஷெட்டிலும் கிலோ கணக்கில்தான் கூலி. கிலோ கணக்கு என்றால் வேகம் வரும், ஆனால் நாரும் கொட்டைத் துண்டும் உள்ளேயே தங்கிவிடும், மண்டியில் விலை அடிபடும். இதை வகுப்பில் சொன்னபோது, அளவை மட்டும் எடைபோட்டால் தரம் கீழே போகத்தான் செய்யும் என்று ஓசூர் தம்பி தன் ஆலையிலிருந்து உதாரணம் சொன்னார். சுத்தமாக எடுத்த புளிக்குத் தனி ரேட் போடலாமா என்று பேச்சு வந்தது. ரேட்டை நீங்களே முடிவு செய்யாதீர்கள், வேலை செய்யும் பெண்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள் என்றார் ஆசிரியர். ஒருவர்மேல் ஒருவர் செலுத்தும் அதிகாரத்தைவிட சேர்ந்து உண்டாக்கும் அதிகாரமே நிலைக்கும் என்று மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்க மேலாண்மைச் சிந்தனையாளர் நூறு வருஷத்துக்கு முன்பே சொன்னதை அன்று விளக்கினார். நாங்கள் உட்கார்ந்து பேசினோம். இரண்டு ரேட் போட்டோம். எந்த மூட்டை எந்த ரேட் என்பதைப் பிரிக்கும் பொறுப்பையும் அந்தப் பெண்களே எடுத்துக்கொண்டார்கள். இப்போது எங்கள் புளியில் நார் இருக்கிறது என்று மண்டியில் யாரும் தள்ளுபடி கேட்பதில்லை.

ஒரு தொழிலாளிக்கு ஒரே மேலாளர்தான் உத்தரவிட வேண்டும் என்ற பிரெஞ்சு மேலாண்மை அறிஞர் ஃபயோலின் கோட்பாட்டைக் குடும்பத் தொழிலில் எப்படிக் கொண்டுவருவது, மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்றெல்லாம் நாங்கள் பேசியது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆனால் நிப்பட்டு வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பருவத்திலேயே மிகவும் தேவைப்பட்ட பாடம் அதுதான்.

இந்தப் பாடத்தை உண்டாக்கியவர்கள் யார் என்பதையும் உங்கள் புத்தகத்திலிருந்தே சொல்கிறேன். ஹென்றி ஃபயோல் 1860-ல் பிரான்சில் ஒரு சுரங்க நிறுவனத்தில் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்தார். 1888-ல் தடுமாறிக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தின் தலைமைக்கு வந்து அதை நிமிர்த்தினார். தன் பதினான்கு கோட்பாடுகளை அவர் வெளியிட்டது 1916-ல், எழுபத்தைந்து வயதில். மேலாண்மை கற்றுத் தரக்கூடியது, அதைப் பள்ளிகளிலேயே கற்றுத் தர வேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான். டெய்லர் பட்டறையில் கைத்தொழில் பழகி ஆரம்பித்தவர். மிட்வேல் எஃகு ஆலையில் முழுநேர வேலையை விடாமல், வீட்டிலிருந்தே படித்து, 1883-ல் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பட்டம் வாங்கினார். வேலையில் இருந்துகொண்டே தபால் வழியாகப் படிக்கும் எங்களுக்கு அவர் அந்நியரா? ஃபாலெட் பாஸ்டன் நகரத்தில் சாதாரண மக்களின் சமூகக் கூடங்களில் பல வருஷம் வேலை செய்து, அங்கே கண்டதைத்தான் பிறகு தொழில் நிறுவனங்களுக்குச் சொன்னார். மூன்று பேருமே வேலையில் கண்டதை அப்புறம் கோட்பாடாக்கியவர்கள். நடுத்தர வயதில் வரும் மாணவர்களும் அதே வழியில்தான் வருகிறோம். எங்களிடம் அனுபவம் இருக்கிறது, அதை எந்தக் கோட்பாட்டோடு பொருத்துவது என்பதுதான் தெரியவில்லை. அதைப் பொருத்திக் காட்ட எதிரே ஓர் ஆசிரியர் வேண்டும், எதிர்வாதம் செய்யப் பக்கத்தில் நாலு பேர் வேண்டும்.

இனி, வருகை குறைவு என்ற காரணம். கட்டுப்படுத்துதல் என்ற பாடத்தில் எங்களுக்கு என்ன கற்றுக் கொடுத்தீர்கள்? முதலில் அளவுகோலை நிர்ணயிக்க வேண்டும். நடந்ததை அளக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும். அதன் பிறகுதான் திருத்த நடவடிக்கை. உங்கள் சுற்றறிக்கையில் அளந்தது மட்டும்தான் இருக்கிறது. காரணத்தை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. மையத்தின் ஆசிரியர்களிடமும் கேட்கவில்லை என்று அறிகிறேன்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். போச்சம்பள்ளி வாரச் சந்தை கூடுவது ஞாயிற்றுக்கிழமை. சந்தையில் கடை போடுகிறவர் வாரத்தின் பெரிய வியாபாரத்தை விட்டுவிட்டு எல்லா வகுப்புக்கும் வர முடியாது. தை கடைசியிலிருந்து சித்திரைவரை புளி சீசன். அது முடிவதற்குள் மாங்காய் தொடங்கிவிடும், ஆடிவரைக்கும் கூழ் ஆலைகளில் லீவு என்ற பேச்சே கிடையாது. ஓசூர் ஆலைகளில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும், இரவு ஷிப்ட் முடித்தவர் காலையில் ஓசூரிலிருந்து பஸ் ஏறித் தருமபுரிக்கு வந்து பகல் முழுக்க விழித்திருக்க வேண்டும். வைகாசி, ஆவணி மாதங்களில் முகூர்த்தம் விழும் ஞாயிறுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வகுப்புகளில் பெரும்பகுதியை நீங்கள் வைப்பது மாசியிலிருந்து வைகாசிக்குள். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற இந்த இரண்டு மாவட்டத்து மக்கள் மூச்சுவிட நேரமில்லாத மாதங்கள் அவைதான். புரட்டாசி, ஐப்பசியில் நடந்த வகுப்புகளின் வருகைப் பதிவேட்டைத் தனியாக எடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வகுப்புகளில் பின்வரிசை பெஞ்சும் நிறைந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சேலத்துக்கு வாருங்கள் என்கிறீர்கள். தருமபுரியிலிருந்தே சேலம் 65 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஒகேனக்கல் பக்கத்து மாணவர் அதற்கு முன் தருமபுரி வந்து சேரவே ஏறக்குறைய 46 கிலோமீட்டர் வர வேண்டும். தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்திலிருந்து வருகிறவரின் பாடு இன்னும் மோசம். இழக்கும் ஒரு நாள் கூலி, பஸ் செலவு, வீட்டில் பதில் சொல்வது என்று எல்லாம் சேர்த்துப் பாருங்கள். பெண்கள் முதலில் நின்றுவிடுவார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். தருமபுரி மாவட்டம் 68.54 சதவீதத்தோடு மாநிலத்திலேயே கடைசியில் நின்றது. இப்படிப்பட்ட மாவட்டத்தில் நாற்பது வயதில் ஒரு பெண் புத்தகப் பையோடு பஸ் ஏறுகிறாள் என்றால் அவளைப் பார்க்கும் பத்து வீட்டுக்காவது அது ஒரு செய்தி. என்னைப் பார்த்து எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் பாதியில் விட்ட பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள்.

வீடியோ பாடங்களை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வகுப்புக்கு வர முடியாத வாரத்தில் அவை உதவும். ஆனால் மாதிரிக்கு நீங்கள் அனுப்பியவற்றை முழுக்கப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதிய ஸ்லைடுகளை ஒருவர் ஆங்கிலத்தில் வாசிக்கிறார். உதாரணம் என்றால் மென்பொருள் நிறுவனம், அல்லது பெரிய சூப்பர் மார்க்கெட். சித்தேரிக்காரர் அதைப் பார்க்க சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு மலையிலிருந்து இறங்கி வர வேண்டியிருக்கிறது. தேர்வைத் தமிழில் எழுதலாம் என்று அனுமதி தந்திருக்கிறீர்கள், நல்லது. புத்தகமும் வகுப்பும் தமிழில் இல்லாதபோது அந்தத் தேர்வுக்கு எதைப் படித்துவிட்டுப் போவது? மகளிர் குழு அக்காவின் மொபைலில் அந்தப் பிடிஎஃப் திறந்தால் ஒரு வரியைப் படிக்கவே திரையை மூன்று முறை நகர்த்த வேண்டும். டெய்லரைக் கேள்வி கேட்ட அந்த அக்கா இப்போது படிப்பை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார். அவர் அறிவில் எந்தக் குறையும் இல்லை. அவர் கையிலிருந்த புத்தகத்தை நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் காரணம். கட்டணத்தை மட்டும் நீங்கள் குறைக்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டுத் தொலைதூரக் கல்வி விதிமுறைகளில் கற்போர் உதவி மையமும், நேர்முக வகுப்பும், தானே படித்துக்கொள்ள ஏதுவான பாடநூலும் இந்தக் கல்வியின் உறுப்புகளாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகான ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்ற கணக்கில், நான்கு கிரெடிட் தாளுக்கு 120 மணி நேரம். அதில் ஆசிரியரின் முகம் பார்த்துப் பேசும் சில மணி நேரங்கள்தான் எங்கள் மாவட்டத்துக்குக் கிடைத்தவை. அதையும் எடுத்துவிட்டால், பதிவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் கட்டுவதற்கு மேல் எங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன உறவு மிஞ்சும்?

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. தருமபுரி மையத்தின் நேர்முக வகுப்புகளை நிறுத்தும் பகுதியைச் சுற்றறிக்கையிலிருந்து நீக்குங்கள். அடுத்த பருவச் சேர்க்கை தொடங்குவதற்கு முன் இது எழுத்தில் வர வேண்டும், ஏனென்றால் கட்டணம் கட்டுவதா வேண்டாமா என்று பல பேர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள். வகுப்பு அட்டவணை போடும் முன் மையத்தில் ஒரு கூட்டம் கூட்டி மாணவர்களைக் கேளுங்கள். ஆடிக்கும் மார்கழிக்கும் இடையில் பெரும்பகுதி வகுப்புகளை வையுங்கள். சந்தை வியாபாரிகளுக்கும் ஷிப்ட் தொழிலாளர்களுக்கும் ஞாயிறு தவிர இன்னொரு நாளில் இரண்டாவது பிரிவு ஒன்று நடத்துங்கள். அதற்குத் தனி ஆசிரியர் தேவையில்லை, இப்போதுள்ளவர்களே சம்மதிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் அவர்களுக்கு உரிய மதிப்பூதியத்தைத் தாமதமில்லாமல் கொடுங்கள்.

தமிழ்ப் பாடப்புத்தகத்தை மறுபடியும் அச்சிடுங்கள். முழுச் செலவையும் ஏற்க முடியாது என்றால் அடக்க விலைக்கு விற்றுவிடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். வினாத்தாள் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும். வீடியோக்களைத் தமிழிலும் பதிவு செய்யுங்கள். அதில் இந்தப் பக்கத்துத் தொழில்கள் உதாரணமாக வரட்டும்: புளி, மாங்கூழ், ராயக்கோட்டை தக்காளி மண்டி, தருமபுரி பட்டுக்கூடு அங்காடி, ஓசூர் ரோஜா. எங்கள் ஷெட்டில் வந்து படம் பிடிக்க வேண்டுமானால் தாராளமாக வரலாம். ஒப்படைப்புக் கட்டுரைக்குப் புத்தகத்திலிருந்து பத்துப் பக்கம் பார்த்து எழுதச் சொல்வதை விட்டுவிட்டு, மாணவர் தாம் செய்யும் தொழிலின் கணக்கையும் முடிவுகளையும் எழுதித் தந்தால் அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த முடிவை எடுத்த குழுவிலிருந்து யாராவது ஒருவர் ஒரு ஞாயிறு தருமபுரிக்கு வந்து, வகுப்பு முடியும்வரை எங்களோடு பின்வரிசையில் உட்கார வேண்டும். தேதியை நீங்கள் சொல்லுங்கள். மாணவர்களைத் திரட்டும் பொறுப்பு என்னுடையது. இந்த மடலோடு, மையத்தில் படிப்பவர்களின் கையெழுத்திட்ட மனுவும் பதிவுத் தபாலில் உங்கள் அலுவலகத்துக்கு வருகிறது. அதற்கான பதிலை மைய அறிவிப்புப் பலகையில் எல்லாரும் படிக்கும்படி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வணிக மேலாண்மை இளநிலை, இரண்டாம் ஆண்டு மாணவி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்